சென்னியம்மாள் கேட்ட மெத்தை

நாச்சிமுத்துக் கவுண்டர் புது வீடு கட்டப் போகிறார் என்று தெரிந்ததும் சித்தவலசில் எல்லோரும் கொத்தனார் ஆகிவிட்டார்கள். சொந்த மாட்டுக் கொட்டகைக்கு ஒரு சாய்ப்பு இறக்கத் தெரியாதவர்கள்கூட, ஆசாரம் என்கிற முன்கூடம் எந்தத் திக்கைப் பார்க்க வேண்டும், அடுப்புப் புகை எந்த வழியாகப் போக வேண்டும் என்று அவரை இட்டேரியில் நிறுத்தி வைத்துச் சொன்னார்கள். இரண்டு பக்கமும் கிளுவை வேலி போட்ட அந்த ஒற்றை வண்டித்தடத்தில் ஒருவர் குறுக்கே நின்றுவிட்டால் தப்பிக்க வழி கிடையாது. கவுண்டர் எல்லோருக்கும் "பாக்கலாங்க" என்ற ஒரே பதிலைச் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

பழைய வீட்டின் பின்சுவர் ஐப்பசி அடைமழையில் ஊறி உட்கார்ந்துவிட்டது. பனங்கட்டையை முட்டுக் கொடுத்துத் தை வரைக்கும் ஓட்டினார்கள். மாசி பிறந்ததும் திருச்செங்கோட்டுக்கு ஆள் அனுப்பிக் கொத்தனார் கண்ணுசாமியை வரச் சொன்னார்கள்.

கவுண்டர் மனசில் வீடு எப்போதோ கட்டி முடிந்திருந்தது. நடுவில் வானம் பார்த்த தொட்டி முற்றம், நாலு புறமும் தாழ்வாரம், முன்னால் ஆசாரம், பின்னால் சமையல் கட்டு, மேலே ஓடு. இந்தப் பக்கத்தில் நாலு ஏக்கர் தோட்டமும் ஒரு கிணறும் உள்ளவன் நினைக்கிற வீடு அதுதான். தரையோடு தரையாக, காற்றுக்கும் மழைக்கும் தலை குனிந்து நிற்கும். அதில் யாருக்கும் கருத்து வேற்றுமை இருக்க முடியாது என்று அவர் நம்பியிருந்தார். வீட்டுக்குள்ளேயே ஒருத்தி இருக்கிறாள் என்பதை மறந்துவிட்டார்.

கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து சென்னியம்மாள் வாய்விட்டு ஒன்று கேட்டதாக அவருக்கு நினைவில்லை. சீலைகூட அவர் சந்தையில் எடுத்து வந்ததைத்தான் கட்டுவாள். நிறம் பிடிக்காவிட்டால் இரண்டு நாள் பேச மாட்டாள், அவ்வளவுதான். அப்படிப்பட்டவள் ஒரு மத்தியானம் கம்மஞ்சோற்றைக் கரைத்து ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"மெத்தை வெச்சுக் கட்டுங்க."

எங்கள் பக்கத்தில் மெத்தை என்றால் மாடி. ஊரில் அதுவரை யாரும் மெத்தை வீடு கட்டியதில்லை. திருச்செங்கோட்டுத் தேர் வீதியில் உண்டு, சேலத்தில் நிறைய உண்டு. சித்தவலசுக்கு அது தேவைப்பட்டதில்லை. கவுண்டர் குடித்துக்கொண்டிருந்த கஞ்சியைக் கீழே வைத்தார்.

எதற்கு என்று கேட்டார். மிளகாய் காயவைக்க என்றாள். களம் அத்தனை பெரிசாகக் கிடக்கிறதே என்றார். களத்தில் கோழி மிதிக்கிறது என்றாள். கோழியை அடைத்து வைத்தால் போகிறது என்றார். அப்புறம் பருத்தி போட்டு வைக்க என்றாள். கடலைக்காய் மூட்டை கீழே இருந்தால் எலி கடிக்கிறது என்றாள். வைகாசியில் புழுக்கம் தாங்கவில்லை, மேலே இருந்தால் காற்று வரும் என்றாள். எலிக்குப் படி ஏறத் தெரியாதா என்று அவர் கேட்டதும் அவள் சட்டியைக் கழுவப் போய்விட்டாள். ஆனால் மறுநாளும் மெத்தை என்றாள், அதற்கு அடுத்த நாளும் சொன்னாள். இருக்கிறது இரண்டே பேர், கீழே இருக்கிற தாழ்வாரத்தைக் கூட்டிப் பெருக்கவே உனக்கு இடுப்பு வளையவில்லை, மேலே வேறு யார் கூட்டுவது என்று அவர் கேட்டார். நான் கூட்டுகிறேன் என்றாள்.

மிளகாயும் இல்லை, பருத்தியும் இல்லை. சென்னியம்மாளுக்கு வேண்டியது அவள் மகள் பொன்னாயி.

பொன்னாயி அவர்களுக்கு ஒரே பெண். அவளைக் கொடுத்த ஊர் கிழக்கே, ஆட்டையாம்பட்டி போகிற தடத்தில், இரண்டு கல் தூரம். நடந்தே போய்விடலாம். அவ்வளவு பக்கத்தில் பெண்ணைக் கொடுத்ததற்குக் காரணமே நினைத்தபோது போய்ப் பார்க்கலாம் என்பதுதான். அந்தப் பெண்ணைப் பெற்றவள் பார்த்து மூன்று வருஷம் ஆகப்போகிறது. இந்தக் கூத்து எப்படி நடந்தது என்றால், மழையால் நடந்தது.

தலைப்பிள்ளைக்கு ஒன்பதாம் மாசம் பிறந்த வீட்டிலிருந்து கட்டுச்சோறு கொண்டுபோய் விருந்து வைத்து, பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்து வருவது எங்கள் வழக்கம். புளிச்சோறு, எள்ளுச்சோறு, தயிர்ச்சோறு என்று வகைவகையாகக் கட்டிக்கொண்டு வண்டி பூட்டிப் போவார்கள். அதற்கு முன்னால் பெண்ணின் தகப்பன் சம்பந்தி வீட்டுக்கும் அவர்களுடைய பங்காளி வீடுகள் ஒவ்வொன்றுக்கும் நேரில் போய், வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தாக வேண்டும். சோறு இல்லாவிட்டால்கூட மன்னித்துவிடுவார்கள். நேரில் வராததை மன்னிக்க மாட்டார்கள். நாச்சிமுத்துக் கவுண்டர் அழைக்கப் போகலாம் என்று இருந்த அன்றைக்கு விடிகாலையில் ஆனி மழை கொட்டித் தீர்த்தது. காடு பூராவும் ஈரம். அந்த ஈரம் காய்வதற்குள் கடலைக்காய் போட்டாக வேண்டும். ஏரைப் பிடித்தவர் விடவில்லை. பண்ணையத்து ஆளிடம் வெற்றிலை பாக்கைக் கொடுத்து, வீடு வீடாகச் சொல்லிவிட்டு வா என்று அனுப்பிவிட்டார்.

சம்பந்தி கருமண்ணக் கவுண்டரும் விவசாயிதான். அவர் காட்டிலும் அதே மழைதான் பெய்தது. ஆனாலும் அவருடைய பங்காளிகள் பிடித்துக்கொண்டார்கள். கூலிக்காரனை விட்டு அழைத்தால் வந்து உட்காருவதற்கு நாம் என்ன அவ்வளவு கேவலமா என்றார்கள். கட்டுச்சோற்று வண்டி வாசலில் போய் நின்றபோது யாரும் "வாங்க" என்று சொல்லவில்லை. கருமண்ணக் கவுண்டர் கட்டிலில் உட்கார்ந்தபடியே, எங்கள் ஊட்டுப் புள்ளைக்கு எங்கள் ஊட்டிலேயே பிரசவம் பார்த்துக்கொள்கிறோம், ஆள் அனுப்பினால் போதுமே, நீங்கள் எதற்கு மெனக்கெட்டு வந்தீர்கள் என்றார். நாச்சிமுத்துக் கவுண்டர் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தார். வண்டியைத் திருப்பினார். சென்னியம்மாள் வண்டியை விட்டு இறங்கக்கூட இல்லை. நிறைமாசப் பெண் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றதை அவள் வண்டிக்குள்ளிருந்து பார்த்தாள். வருகிற வழியில் அத்தனை சோற்றையும் ஓடைக்கரையில் வேலை செய்துகொண்டிருந்தவர்களுக்குக் கொடுத்தார்கள். அவர்கள் யாருக்கு விசேஷம் என்று கேட்டார்கள்.

அப்புறம் இவர், அவர்கள் கூப்பிட்டால்தான் போவேன் என்றார். சம்பந்தி, இவர் வந்தால்தான் பேசுவேன் என்றார். பையன் பிறந்திருக்கிறான் என்ற செய்தி மூன்றாம் மனிதர் வாய் வழியாக வந்தது. இரண்டு பக்கமும் நல்ல மனிதர்கள்தான். நல்ல மனிதர்களுக்கு ரோஷம் வந்தால் அது சீக்கிரம் போகாது. நடுவில் கிடந்து அல்லாடியவர்கள் பெற்றவளும் பெண்ணும் மட்டுமே.

சித்தவலசுக்கும் அந்த ஊருக்கும் நடுவில் மலை ஏதும் இல்லை. ஒரு மேட்டாங்காடு, அவ்வளவுதான். அந்த மேட்டின் முதுகு கொஞ்சம் உயரமாகப் போய் எதிர்ப்பக்கத்தை மறைத்துவிடுகிறது. இதைச் சென்னியம்மாள் அதுவரை யோசித்ததில்லை. அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் மரமேறி சின்னான்.

அது போன வருஷம், ஜில்லாவில் கள்ளுக்கடைகளை மூடிவிட்ட பிறகு வந்த முதல் பங்குனி. சின்னான் பாளையில் கட்டுகிற முட்டிக்குள் சுண்ணாம்பு தடவி, கள்ளாகப் புளிக்காத பதநீரை, தெளுவை மட்டும் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சிக்கொண்டிருந்தான். காலையில் ஒரு தரம், சாயங்காலம் பொழுதோடு ஒரு தரம், கவுண்டர் வரப்பில் இருந்த பனைகளில் ஏறி இறங்குவான். ஒரு நாள் தெளுவு கொடுக்க வந்தவன், அந்தக் கோடிப் பனை உச்சியிலிருந்து பார்த்தால் உங்கள் பெண் வீட்டுக் கிணற்றுமேடு தெரிகிறது என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டான். சென்னியம்மாள் தெளுவை வாங்கிய சொம்போடு அப்படியே நின்றாள்.

அன்றிலிருந்து அவள் பொழுதோடு கோடிப் பனைக்குக் கீழே போய் நிற்க ஆரம்பித்தாள். கையில் சின்னானுக்குக் கஞ்சி இருக்கும். கவுண்டரிடம் சொல்லிவிடாதே என்பாள். அவன் இறங்கி வந்து மூச்சு வாங்கியதும் கேட்பாள். பச்சைச் சீலை காய்கிறது என்பான் அவன். பையன் நடக்க ஆரம்பித்துவிட்டான் என்பான். சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு கன்றுக்குட்டியை விரட்டுகிறான் என்பான். பொன்னாயி சதை பிடித்து நன்றாக இருக்கிறாள் என்பான். அந்த வார்த்தைகளை அவள் ராத்திரி பூராவும் வைத்து அசை போடுவாள். ஆனி பிறந்து தெளுவு நின்றுபோனதும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பனை ஏறுகிறவனுக்கு என்ன, அவன் வேறு ஊருக்கு வேறு வேலைக்குப் போய்விட்டு, தை பிறந்ததும்தான் திரும்பி வந்தான், வருகிற ஆனியிலும் போய்விடுவான். தன்னால் பனை ஏற முடியாது. மெத்தைப்படி ஏற முடியும். இதுதான் அவள் கணக்கு. இதைக் கவுண்டரிடம் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அந்த ஊர்ப் பேச்சை எடுக்காதே என்பார் என்று பயந்தாள்.

ஒரு நாள் காலையில், யாரும் எதிர்பார்க்காத நேரத்தில், மாட்டுக்குச் சோளத்தட்டுப் போட்டுக்கொண்டே கவுண்டர் சொன்னார்.

"செரி புள்ள. மெத்தையே வெச்சுக்கலாம்."

அவர் ஏன் இறங்கி வந்தார் என்று ஊரில் ஆளுக்கு ஒரு கதை கட்டினார்கள். பெண்டாட்டிக்குப் பயந்துவிட்டார் என்றார்கள் சிலர். சம்பந்தி வீட்டாருக்குத் தன் உயரத்தைக் காட்டுகிறார் என்றார்கள் சிலர். சென்னியம்மாளுக்குக் காரணமே வேண்டியிருக்கவில்லை. அன்றைக்கு முழுதும் அவள் காரணம் இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். சட்டுவக் கரண்டியை எங்கே வைத்தோம் என்று தேடித் தேடிச் சலித்தாள். அது அவள் கையிலேயே இருந்தது.

கொத்தனார் கண்ணுசாமி வந்தார். காகிதத்தில் வரைந்தால் கவுண்டருக்குப் பிடிபடாது என்று, அவர் எப்போதும் செய்கிறபடி, சாணி மெழுகிய களத்தில் சுண்ணாம்புப் பொடியைக் கையால் வழியவிட்டு வீட்டையே வரைந்தார். முழுசாக அல்ல, பாதி அளவில். இது நடை, இது ஆசாரம், இது தொட்டி, இது தாழ்வாரம். அந்தக் கோடுகளுக்குள் நடந்து பார்க்கச் சொல்வார். வாசல் விட்ட இடத்தில்தான் நுழைய வேண்டும். சுவரைத் தாண்டி நடந்தால் அவருக்குக் கோபம் வரும். கவுண்டர் ஒழுங்காக வாசல் வழியாக நுழைந்து, தொட்டியைச் சுற்றி வந்து, சமையல் கட்டை எட்டிப் பார்த்துவிட்டு நின்றார்.

மெத்தையைத் தரையில் எப்படிக் காட்டுவது? கொத்தனார் கீழ் வீட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு நீளச் சதுரம் போட்டு, இதுதான் மேலே வரும் என்றார். படிக்கட்டுக்கு ஏழெட்டுக் கோடு இழுத்தார். சென்னியம்மாள் அந்தக் கோடுகள் ஒவ்வொன்றிலும் காலை வைத்து ஏறினாள். உண்மையாகவே ஏறுகிறவள் போலச் சீலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். மேலே போய் நின்றாள். கிழக்கே திரும்பினாள். எதிரில் சோளத்தட்டுப் போர்தான் தெரிந்தது. ஆனாலும் அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

சன்னல் எங்கெங்கே விடலாம் என்று கொத்தனார் கேட்டார். தெற்கே இரண்டு விட்டால் காற்று வரும் என்றார். கிழக்கே ஒன்று வேண்டும் என்றாள் சென்னியம்மாள். அதைச் சொல்லிவிட்டுக் கவுண்டரைப் பார்க்கவில்லை.

கவுண்டர் கோடுகளுக்குள் நடந்து வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்றார். கையை நீட்டினார்.

"நேர் கெழக்கு வேணாங்க கொத்தனாரே. சித்தெ வடக்கால தள்ளி வையுங்க. அந்த மூலையில வெச்சாத்தான் நேரா இருக்கும்."

எதற்கு நேராக இருக்கும் என்று கொத்தனார் கேட்கவில்லை. சென்னியம்மாளும் கேட்கவில்லை. அவள் அவரையே பார்த்தாள். அந்தத் திக்கு இவருக்கு எப்படித் தெரியும்? கீழே நின்றால் அங்கே மேடுதான் தெரியும். மேட்டுக்கு அந்தப் பக்கம் எது எந்த மூலையில் இருக்கிறது என்று பனை ஏறினவனுக்குத்தான் தெரியும்.

"சின்னான் உங்ககிட்டயுஞ் சொன்னானா?" என்றாள்.

கவுண்டர் தலையைக் குனிந்துகொண்டு சுண்ணாம்புக் கோட்டைச் செருப்பால் நோண்டினார். கொத்தனார் பார்த்துவிட்டுப் பல்லைக் கடித்தார். காலையில் தெளுவு இறக்கும்போது அவரும் கோடிப் பனைக்குக் கீழே போய் நிற்பதுண்டு என்றார் கவுண்டர். போன வருஷமும் போனாராம். சென்னியம்மாளிடம் சொல்லிவிடாதே என்று சின்னானிடம் சத்தியம் வாங்கியிருந்தாராம். ஐம்பது வயசு மனிதர், கூச்சத்தில் காது சிவந்துபோய் நின்றார்.

அப்புறம் இருவரும் மாறி மாறிப் பேச ஆரம்பித்தார்கள். மூன்று வருஷமாக வீட்டில் பேசாத பேச்சு. கொத்தனார் நாகரிகம் தெரிந்தவர், தள்ளிப் போய் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். பேரன் சிவப்புச் சட்டையில் ஓடுகிறானாமே என்றாள் அவள். சட்டையா, அரைஞாண் கயிற்றைத் தவிர உடம்பில் பொட்டுத் துணி இல்லாமல் திரிகிறான் என்றல்லவா சொன்னான் என்றார் அவர். கன்றுக்குட்டியை விரட்டுகிறான் என்றாள். இல்லை, தாத்தன் தோள்மேல் உட்கார்ந்துதான் எங்கும் போகிறான், தரையில் காலே வைப்பதில்லை என்றார். பொன்னாயி சதை பிடித்திருக்கிறாள் என்றாள். கவுண்டர் நிமிர்ந்தார். அவரிடம் சின்னான் பொன்னாயி ஒடிசலாக, அவரைப் போலவே நெடுநெடுவென்று இருக்கிறாள் என்று சொல்லியிருந்தான்.

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

சின்னானைக் கூட்டி வரச் சொல்லிக் கவுண்டர் ஆள் அனுப்பினார். கருப்பட்டிப் பாகு ஒட்டிய கையோடு அவன் வந்தான். களத்தின் ஓரத்தில் நின்றான். இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்ததுமே அவனுக்கு விளங்கிவிட்டது. கவுண்டர் அதட்டவில்லை. நீ என்ன பார்த்தாய் என்பதை மட்டும் உள்ளபடி சொல் என்றார். இரண்டு கல் தூரத்தில் ஒரு சட்டையின் நிறம் தெரியுமா என்று சென்னியம்மாள் கேட்டாள். கேட்கும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"தெரியாதுங்க ஆத்தா" என்றான் சின்னான். "கெணத்துமேடு வெள்ளையாத் தெரியும். ஊட்டு ஓடு செவப்பாத் தெரியும். அவ்வளவுதானுங்க. நீங்க கஞ்சி கொண்டாந்து கேக்கறீங்க. சாமி காலைல வந்து கேக்கறாங்க. ஒண்ணுந் தெரியலீங்கன்னு சொல்ல மனசு வல்லீங்க."

அதனால் அவரவருக்கு எது பிடிக்குமோ அதைச் சொல்லியிருக்கிறான். அவளுக்கு ஒரு பேரன், அவருக்கு ஒரு பேரன். இரண்டும் பனை உச்சியில் பிறந்த பிள்ளைகள். சென்னியம்மாள் ஒரு வருஷமாக மனசுக்குள் அந்தச் சிவப்புச் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அது இல்லை என்றதும் சுண்ணாம்புக் கோட்டின்மேல் அப்படியே உட்கார்ந்தாள்.

சின்னான் போகவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். இன்னும் ஏதோ இருக்கிறது என்று கவுண்டருக்குத் தெரிந்தது. சொல்லு என்றார்.

"ஒண்ணு மட்டும் நெசங்க சாமி. அதச் சொன்னா ரண்டு பேரும் அழுவீங்கன்னு சொல்லாம உட்டுட்டேன். பொழுதோட நான் ஏறறப்பெல்லாம் அந்தக் கெணத்துமேட்டுல ஓராளு நிக்குமுங்க. வேலையா வந்த ஆளுன்னா அசையுமுங்களே. அது அசையாது. இருட்டுக் கட்டற வரைக்கும் நின்ன எடத்துலயே நிக்கும்."

கவுண்டர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். ஒரு தரம் துடைத்தது போதவில்லை. பிறகு கொட்டகைப் பக்கம் நடந்தார். எருதுகளை அவரே அவிழ்த்துக்கொண்டு வந்தார். வெற்றிலையும் பாக்கும் எடுத்து வா, நிறைய எடுத்து வா, ஒரு வீடு விடாமல் வைக்க வேண்டும் என்று சென்னியம்மாளிடம் சொன்னார். கொத்தனாரைப் பார்த்து, வாசக்கால் வைக்கிற அன்றைக்குச் சம்பந்தி வீட்டார் வர வேண்டும், அழைக்கப் போகிறோம், மற்றதெல்லாம் வந்து பேசிக்கொள்ளலாம் என்றார்.

வண்டி வெகு நாளாகக் காட்டை விட்டு வெளியே போனதில்லை. மேடு ஏறும்போது அச்சு முனகியது. சென்னியம்மாள் அதற்கும் பயந்தாள். அச்சு முறிந்து வண்டி நின்றுவிட்டால் இந்த மனிதர் மனசு மாறித் திரும்பிவிடுவாரோ என்று நினைத்தாள். மேட்டின் முதுகுக்கு வண்டி வந்தபோது எதிர்ப்பக்கம் பூராவும் ஒரே பார்வையில் விரிந்தது. சோளக் காடுகள், பருத்திக் காடுகள், சிவந்த ஓடு, வெள்ளைக் கிணற்றுமேடு. இவ்வளவுதானா, இதற்குத்தானா மூன்று வருஷம் என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது. கவுண்டர்மேல் வந்தது, கருமண்ணக் கவுண்டர்மேல் வந்தது, அன்றைக்கு வண்டியை விட்டு இறங்காத தன்மேல் எல்லாவற்றையும்விட அதிகமாக வந்தது.

கருமண்ணக் கவுண்டர் வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டிருந்தது. வண்டியைப் பார்த்ததும் அவர் எழுந்து நின்றுவிட்டார், எழ வேண்டும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். நாச்சிமுத்துக் கவுண்டர் இறங்கிப் போய் வெற்றிலைத் தட்டை இரண்டு கையாலும் நீட்டினார்.

"வாசக்கால் வெக்கறமுங்க சம்பந்தி. நேர்ல வந்து கூப்படோணும்னு வந்தனுங்க. அன்னைக்கும் நேர்ல வந்திருக்கோணும்."

இந்த ஒரு வார்த்தைக்காகக் கருமண்ணக் கவுண்டர் மூன்று வருஷம் காத்திருந்தார். அது வந்தால் எப்படி எப்படியெல்லாம் மடக்கிப் பேச வேண்டும் என்று யோசித்தும் வைத்திருந்தார். வந்தபோது அவருக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. "வாங்க" என்றார். உள்ளே திரும்பி, சொம்பில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

சென்னியம்மாள் தண்ணீருக்கு நிற்கவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனாள். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. கிணற்றுமேட்டில் பொன்னாயி நின்றிருந்தாள். இடுப்பில் பையன். சதை பிடிக்கவும் இல்லை, நெடுநெடுவென்று வளரவும் இல்லை. கண்ணுக்குக் கீழே கொஞ்சம் கறுத்திருந்தது. பையனுக்கு ஒரு வெளுத்த நீலச் சட்டை. அதில் இரண்டு பொத்தான் இல்லை.

பொன்னாயி அம்மாவைப் பார்த்தாள். ஓடி வரவில்லை. ஓடி வந்தால் கலைந்துவிடும் என்று நினைத்தாளோ என்னவோ, நின்ற இடத்திலேயே நின்றாள். சென்னியம்மாள்தான் மேடு ஏறினாள். மகள் முகத்தைத் தொட்டாள், தோளைத் தொட்டாள், முடியைத் தொட்டாள். பையன் இந்தப் புது ஆளை முறைத்துப் பார்த்துவிட்டு அம்மா கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

"வா சாமி" என்று சென்னியம்மாள் கையை நீட்டினாள். அவன் வரவில்லை.

"ஆரு தெரியுமா சாமி?" என்றாள் பொன்னாயி. அழுதுகொண்டே சிரித்தாள். "உங்க அம்மிச்சி. அம்மாளப் பெத்த அம்மிச்சி."

பையன் சென்னியம்மாளை மேலும் கீழும் பார்த்தான். இல்லை என்று தலையை ஆட்டினான். பிறகு திரும்பி, மேற்கே, சூரியன் இறங்குகிற பக்கம் விரலை நீட்டினான். அங்கே மேட்டின் முதுகும், அதற்கு மேலே சித்தவலசுப் பனைகளின் தலைகளும் தெரிந்தன.

"அம்மிச்சி அங்க" என்றான்.

பொன்னாயி அவன் விரலைப் பிடித்துத் தாழ்த்தினாள். தினமும் பொழுதோடு இங்கே தூக்கி வந்து அந்தப் பனைகளைக் காட்டி, அங்கேதான் உங்கள் அம்மிச்சி இருக்கிறாள் என்று சொல்வது வழக்கம் என்றாள். அதைத்தான் சொல்கிறான் என்றாள். இது அம்மிச்சி என்று மறுபடியும் சொன்னாள். அவன் கேட்கவில்லை. அவனுக்கு அம்மிச்சி என்றால் ஓர் ஆள் இல்லை, ஒரு திக்கு. தூரத்தில் இருப்பது, இருட்டும் வரை பார்ப்பது, பார்த்துவிட்டு வீட்டுக்குள் போய்ச் சோறு தின்பது. சீலை கட்டிக்கொண்டு வந்து கை நீட்டுகிறது எதுவும் அம்மிச்சி ஆக முடியாது. விரலை உருவிக்கொண்டு மறுபடியும் நீட்டினான்.

சென்னியம்மாள் அவன் காட்டிய திசையைப் பார்த்தாள். களத்தில் நின்று தான் கேட்ட சன்னல் அவள் கண்ணுக்கு முன்னால் வந்தது. அந்தச் சன்னலில் ஒருத்தியும் இந்த மேட்டில் ஒருத்தியுமாகச் சாகிற வரைக்கும் நின்றுகொண்டிருந்திருப்போம் என்று அவளுக்குத் தெரிந்தது.

தண்ணீர் குடித்துவிட்டு நாச்சிமுத்துக் கவுண்டர் மேட்டடிக்கு வந்திருந்தார். பேரன் சொன்னது அவர் காதிலும் விழுந்திருந்தது. மகளைப் பார்க்க முடியாமல் கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டு நின்றார். சென்னியம்மாள் அவரிடம் திரும்பினாள்.

"ஏனுங்க. மெத்தை வேணாங்க. வண்டிக்கு நல்ல அச்சாப் போடுங்க."

கவுண்டர் தலையை ஆட்டினார். பையன் இன்னும் மேற்கே விரலை நீட்டிக்கொண்டிருந்தான்.